வறள்மூட்டம்

கொடியில் கிடந்த துண்டு காய்ந்திருந்தது.

ஐப்பசியில் ஏற்காட்டில் துணி காய்வதில்லை. காபிச் செடிகளுக்கு நடுவே தனியாக நின்ற அந்த ஓட்டு வீட்டில் அமுதா பார்த்த மழைக்காலங்களில் எல்லாம், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் துணியைப் போடுவாள். அங்கேயும் அது புகை நாற்றத்தோடு அரை ஈரமாகத்தான் இறங்கும். முந்தின நாள் சாயங்காலம் மறந்துபோய் வெளிக்கொடியிலேயே விட்ட துண்டைப் பிழிந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தபோது, மூட்டம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றிருந்தது. எதிரே இருந்த சில்வர் ஓக் மரம் தெரியவில்லை, அதன்மேல் ஏறியிருந்த மிளகுக்கொடி தெரியவில்லை, கொடிக்கயிற்றின் மறுமுனைகூடத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் கையை விட்டுத் துழாவித் துண்டைப் பிடித்தாள். அப்பளம் போல மொரமொரத்தது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் மூட்டத்துக்குள் போய்வந்த கை. வழக்கமாக அதில் பொடிப்பொடியாக நீர் கோத்திருக்கும். புருவத்திலும் முன்நெற்றி மயிரிலும் வெள்ளிப் பொடி தூவினாற்போல் இருக்கும். இன்று ஒன்றும் இல்லை. தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெளுப்பு மட்டும். அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. ஓட்டு விளிம்பிலிருந்தும் இலை நுனிகளிலிருந்தும் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் அந்தச் சத்தம், மழைக்காலம் முழுவதும் காதுக்குப் பின்னால் இருந்து இருந்து, இருப்பதே மறந்துபோகிற அந்தச் சத்தம், எங்கேயும் இல்லை.

“துண்டு காஞ்சிருக்குதுங்க,” என்றாள் கட்டிலைப் பார்த்து.

“நல்லதுதான?” என்றான் அவள் புருஷன் பொன்னுவேல். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். தூரிகையை வாயில் கவ்வியிருந்தான்.

ஏற்காட்டு லாட்ஜுகளின் பெயர்ப்பலகைகளில் பாதி அவன் எழுதியவை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடிச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டோடு கட்டிலுக்கு வந்து சேர்ந்தான். கை சும்மா இருக்காத மனிதன். அமுதா ஊரில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் ஜியாகிரபி டீச்சர். அவள் வகுப்பில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவி ஒரு விளையாட்டைக் கொண்டுவந்திருந்தாள். இல்லாத ஒரு நாட்டின் வரைபடம், பகடை, அந்த நாட்டுக்குள் வீரர்களாகவும் மந்திரக்காரர்களாகவும் மாறி அலைகிற பிள்ளைகள். பிடுங்கி வைக்கப் போன அமுதா, நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பொன்னுவேல், “நாமளே ஒண்ணு செஞ்சா என்ன புள்ள?” என்றான்.

அப்படித்தான் மாகரை நாடு ஆரம்பித்தது. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பிளைவுட் பலகை. பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கி மலைகளை எழுப்பினான். நிறம் அழகாக இருக்கிறது என்பதற்காக அடர்ந்த காட்டுக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பாலைவனம் வைத்தான். மலை உச்சியில் ஒரு துறைமுகம் வரைந்தான். “ஏனுங்க, மலை மேல கப்பல் எப்படிங்க வரும்?” என்று சிரித்தவள், அன்று பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. வருஷம் முழுக்க வெதுவெதுப்பான மழை; இரண்டே பருவங்கள்; இடிப் பருவம், கிளிஞ்சல் பருவம். பிறகு நிலம் உயர்ந்தது, கடல் வடிந்தது, படகுகள் பாறையில் நின்றுவிட்டன. அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பாலைவனத்தில் பழைய மழைக்காலத்து ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்தவனுக்குத்தான் தண்ணீர் கிடைக்கும் என்று விளையாட்டுக்கு விதி எழுதினாள். இந்தக் காட்டில் எப்போது உறைபனி விழுந்தது, அந்தச் சமவெளியில் எத்தனை தலைமுறைக்கு வெயிலே வரவில்லை என்று சோறு பிசையும்போதும் பேசினாள். பன்னிரண்டு வருஷம் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்திச் சலித்துப்போனவளுக்குத் தன் படிப்பு இவ்வளவு இனிக்கும் என்று தெரியாமல் இருந்தது. தீபாவளி விடுமுறை விட்டதும் பள்ளி காலியானது. அவர்கள் இருவரும் மாகரையிலேயே குடியிருந்தார்கள்.

வடக்கு மூலையில் மட்டும் ஒரு பள்ளத்தாக்கு வெள்ளையாகவே நின்றது. வீடுகளை வரைந்து முடித்திருந்தான். வயல் போடுவதற்குள் பச்சை பெயின்ட் தீர்ந்துவிட்டது.

“ஊடெல்லாம் இருக்குது, ஆளக் காணம். ஏன்னு சொல்லு பாப்போம், டீச்சரு.”

அவள் அந்த வெள்ளையின் மேல் குனிந்தாள். பிறகு பலகையின் மேல் விரலை ஓட்டிக்காட்டினாள்.

“சுத்தியும் மலைங்க. மழை மேகம் ஒசரத்துலயே தட்டி நின்னுரும். மூட்டம் மட்டும் இந்தக் கணவாய் வழியா உள்ள எறங்கும். அந்த மூட்டத்து ஈரத்துலதான் அவங்க வெவசாயம் பண்ணுனாங்க. அப்பறம் காத்து திரும்பிருச்சு. கடல் பக்கமிருந்து வந்த மூட்டம் போயி, அந்தச் செவப்புப் பாலைவனத்துப் பக்கமிருந்து வர ஆரம்பிச்சிருச்சு. பாத்தா அதே மூட்டந்தான். ஆனா அதுல தண்ணியில்லீங்க. அதுக்கே தாகம். எறங்குன எடத்துல இருக்குற ஈரத்தையெல்லாம் அது குடிச்சிரும்.”

“பேரு வெய்யி அதுக்கு.”

“வறள்மூட்டம்.”

“நல்லாருக்குது. சரி, ஆளுக என்ன ஆனாங்க?”

“அது ஜியாகிரபி இல்லீங்க, கதை. கதை உங்க வேலை. யோசிச்சு வைங்க.”

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் இல்லாத மூட்டம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் முந்தின நாள் சாயங்காலம், துவைத்துத் தண்ணீர் வடியப் போட்ட துணிகளை எடுக்கப் போனாள். எடுத்து வரும்போது அந்தத் துண்டை மறந்துவிட்டாள்.

துண்டு காய்ந்திருந்த அந்தக் காலையில் சமையலுக்குத் தீக்குச்சியை உரசினாள். முதல் உரசலிலேயே குப்பென்று பிடித்தது. மழைக்காலத்தில் நமத்துப்போய் நாலைந்து குச்சி வீணாகாமல் அந்த அடுப்பு எரிந்ததே இல்லை. உப்பு ஜாடிக்குள் கை விட்டாள். எப்போதும் கசிந்து கூழாகக் கிடக்கும் உப்பு, ஆற்று மணலைப் போல விரல்களுக்கு நடுவே ஓடியது. ஐப்பசியில் ஊறிப் பருத்து, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூடுகிற பின்கதவு, விரலால் தொட்டதும் போய்ச் சாத்திக்கொண்டது. சாத்திய பிறகு பலகைகளுக்கு நடுவே கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒன்றைப் பற்றியும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்வான். அந்தப் பெயரை இன்று கேட்க வேண்டாம் என்றிருந்தது.

பால் கொண்டுவரும் ராசம்மாள் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தாள். மஞ்சக்குட்டைப் பக்கம் காடு கரை வைத்திருக்கிற மலைக்காரி; எந்த மழைக்கும் வராமல் இருந்ததில்லை. உதடு வெடித்து ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. தூக்குப்போசியைத் திறந்தபோது பால் பாதிதான் இருந்தது. ஓரமெல்லாம் ஏடு காய்ந்து ஒட்டியிருந்தது.

“சிந்தலீங்க டீச்சரம்மா. நெறயத்தான் ஊத்திட்டு வந்தேன். மூடி போட்டபடிக்கு இருக்குது, பாருங்க. நடந்து வர வர கையில கனமே இல்லீங்க.”

“வெயிலு இல்லியே ராசம்மா.”

“வெயிலா.” அவள் மூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கூருல நாலஞ்சு ஊடு தெறந்து கெடக்குதுங்க. அடுப்புல சோறு அப்புடியே இருக்குது. ஆளுக பஸ்ஸு புடிச்சுக் கீழ போயிட்டாங்களாட்டருக்குது. சொல்லாம கொள்ளாம போற ஆளுக இல்லீங்க.” பிறகு தயங்கி, “கொஞ்சம் தண்ணி குடுங்க,” என்றாள்.

அமுதா சொம்பில் கொடுத்தாள். ராசம்மாள் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவள். இன்று சொம்பை வாயில் வைத்துக் குடித்தாள். குடித்து முடித்த பிறகும் சொம்பின் உள்பக்கத்தை நாக்கால் துழாவிக்கொண்டே நின்றாள். அதைத் தானே கவனித்தவள் போலச் சட்டென்று சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூட்டத்தில் மறைந்தாள்.

மத்தியானம் ரேடியோவில் சேலம் மாவட்டத்தில் பலத்த மழை என்று சொன்னார்கள். பொன்னுவேல் அமுதாவைப் பார்த்தான். அமுதா ரேடியோவை அணைத்தாள்.

ஊற்றிலிருந்து குழாய் போட்டு வந்த தண்ணீர் அன்றைக்கு நின்றுபோனது. குழாய் வாயில் காதை வைத்தால், யாரோ அந்தப் பக்கம் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சன்னமான காற்று உள்ளே போயிற்று. வீட்டில் இரண்டு குடம் இருந்தது. தட்டால் மூடி, மேலே ஈரத்துணி போட்டுக் கட்டினாள். முடிச்சுப் போட்டுக் கையை எடுப்பதற்குள் துணி காய்ந்துவிட்டது. சன்னல்களை அடைத்தாள். சுருங்கிப்போன பலகை இடுக்குகள் வழியே மூட்டம் சன்னமாக, நூல் நூலாக உள்ளே வந்தது. வந்து அறை முழுக்கப் பரவவில்லை. தரையோடு தரையாகக் குடங்கள் இருந்த மூலைக்குப் போயிற்று. பழைய புடவைகளைக் கிழித்து இடுக்கில் திணித்தாள். குடத்தைத் திறந்து பார்த்தபோது, மேலே ஒரு சாண் காணவில்லை. வீட்டுக்குள் மண்வாசனை இல்லை, ஈர இலை வாசனை இல்லை, சாணி வாசனை இல்லை. ரொம்ப நாள் திறக்காத இரும்புப் பெட்டிக்குள் தலையை விட்டது போல ஒரு வாசனை.

“நொம்ப தாகமா இருக்குது புள்ள,” என்றான் பொன்னுவேல். கேட்டுக்கொண்டே இருந்தான். கொடுத்துக்கொண்டே இருந்தாள். குடித்த தண்ணீர் அவன் தொண்டைக்குள் இறங்குகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் ராசம்மாள் வரவில்லை. மூட்டம் அப்படியே நின்றது. அசையவும் இல்லை.

பொன்னுவேல் மாவுக்கட்டின் மேல்விளிம்பில் இரண்டு விரலை விட்டுக் காட்டினான். “அரிப்பு நின்னுருச்சு. லூசாயிருச்சு பாரு.” சந்தோஷமாகத்தான் சொன்னான். சாயங்காலம் அதே இடத்தில் முழுக் கையும் போயிற்று. அப்போது அவன் விரிப்பை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். அவளும் பார்க்காதது போல இருந்தாள். அவன் கன்னம் உள்ளே விழுந்திருந்தது. முழங்கை எலும்பு புடைத்திருந்தது. பசியால் இளைத்தவன் மாதிரி இல்லை. வெயிலில் பரப்பிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

“அமுதா. நீ சொன்ன காத்து. அதத் திருப்பிரு.”

கடைசியில் அவனேதான் சொன்னான். சிரிக்கவில்லை.

அவள் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் படிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு அந்த வெள்ளைப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். காற்று திரும்ப வேண்டுமென்றால் மேற்கே ஒரு கணவாய் வேண்டும். மேற்கே மலை இடைவெளியே இல்லாமல் நின்றது. “இங்க ஒரு கணவாய் வேணுமுங்க. கடல் பக்கம்.” அவன் கத்தியை எடுத்துக் காகித மலையைக் குடைந்தான். “அது வழியா பழைய மூட்டம் வருது. ஈரமான மூட்டம். பள்ளத்துல ஒரு ஆறு பொறக்குது.” நீல பெயின்ட் டப்பாவில் உலர்ந்த கட்டியாகக் கிடந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் குழைத்தான். தூரிகையால் மலையிலிருந்து ஊருக்கு ஒரு கோடு இழுத்தான்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலம் மின்னியது. வெளிறியது. வெடித்தது. பொடியாகி, மெல்ல, பலகையின் சரிவில் வழிந்து கட்டில் விரிப்பில் விழுந்தது. அடியில் பள்ளத்தாக்கு வெள்ளையாக இருந்தது.

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். “நான் யோசிச்சிட்டேன்.”

“எத?”

“ஆளுக என்ன ஆனாங்கன்னு.”

அவள் அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அவன் உதடு காய்ந்த சருகாகத் தட்டுப்பட்டது. “வேண்டாமுங்க. சொல்லாதீங்க. நெனைக்கவே நெனைக்காதீங்க.”

அவன் அவள் கையை விலக்கினான். கையில் பலமே இல்லை. கண் மட்டும் அமைதியாக இருந்தது.

“பயப்படற மாதிரி இல்ல புள்ள. கடேசியில அவங்களுக்குத் தாகம் அடங்கிருச்சு.”

“போதுமுங்க.”

“எல்லாரும் ஒண்ணா…”

“ஏனுங்க, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்.”

அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் முகம் நிறுத்தவில்லை. மனசுக்குள் வரைந்து முடித்த ஒரு படத்தைத் தள்ளி நின்று பார்க்கிறவன் முகம். ஒரு பலகையை எழுதி முடித்ததும் அவன் அப்படித்தான் பார்ப்பான்.

மிச்சமிருந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றி அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். “டீக்கடைகிட்ட ஜேசுதாஸண்ணன் வாடகை ஜீப்பு நிக்கும், கூட்டிட்டு வந்துர்றேன். சேலம் போயிரலாம். கீழ மழை பேஞ்சிட்டிருக்குது.” அவன் தலையசைத்தான். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. அடைத்த சன்னலை, அதற்கு அந்தப் பக்கம் காபி எஸ்டேட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் எந்தப் பக்கம் சூரியன் என்று சொல்ல முடியாத வெளிச்சம். காலடியில் காபி இலைகள் நொறுங்கின. மண் பாதம் புதையப் புழுதியாக இருந்தது; ஐப்பசியில் அந்தப் பாதையில் அட்டைக்குப் பயந்து ஓடித்தான் அவளுக்குப் பழக்கம். ஒரு பறவை இல்லை. ஒரு தவளை இல்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் மூக்கின் உள்தோல் சுருங்கியது. வாயை மூடிக்கொண்டு நடந்தாள். திறந்தால் நாக்கின் மேல் ஏதோ வந்து உட்காருகிறது.

வளைவில் டீக்கடை திறந்திருந்தது. பெஞ்சில் ஒரு குடை. பாய்லரின் குழாய் திறந்தபடி இருந்தது. கண்ணாடி டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்காமல், நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றும் உள்ளே நக்கித் துடைத்தாற்போல் பளிச்சென்று இருந்தது.

“ஜேசுதாஸண்ணா.”

அவள் குரல் இரண்டடிக்கு மேல் போகவில்லை.

ஜீப் அங்கேயே நின்றது. சாவி தொங்கியது. பானெட் திறந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்தத் துருப்பிடித்த வாயைச் சுற்றிலும் ரத்தமும் தோலும் ஒட்டியிருந்தன. ஒரு வாய் அதில் அழுந்தியிருந்த அளவுக்கு. ஜீப்புக்குப் பின்னால், மூட்டத்துக்குள், சேலம் பஸ் நின்றது. கதவு திறந்திருந்தது. சீட்டுகளில் பைகள். ஒரு குழந்தையின் செருப்பு. பஸ்ஸின் முன்பக்கமும் திறந்திருந்தது.

அவள் கிட்டப் போகவில்லை.

ஓடினாள். வந்த வழியே. முட்புதர் கையைக் கிழித்தது. ரத்தம் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்துப் பொடியாகி உதிர்ந்தது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

கட்டிலில் அவன் இல்லை.

மாவுக்கட்டு இருந்தது. வெட்டவில்லை. உடைக்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் முழுசாக, கட்டிலில் நீளமாகக் கிடந்தது. உள்ளே கால் இல்லை. காலைக் கட்டிலிருந்து உருவிக்கொண்டு எழுந்து போயிருக்கிறான். அவள் குனிந்து பார்த்தாள். உள்பக்கம் இன்னும் கதகதப்பாக இருந்தது.

சொம்புத் தண்ணீர் இல்லை.

“ஏனுங்க.”

பின்வாசல் புழுதியில் கால்தடம். இரண்டு காலும் சமமாக ஊன்றிய தடம். நொண்டாத தடம். ஆனால் ஒல்லியாக. மனிதக் காலுக்கு இருக்க வேண்டிய அகலத்தில் பாதி.

தடம் காபிச் செடிகளுக்கு நடுவே இறங்கியது. அவளும் இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் வேறு தடங்கள் வந்து சேர்ந்தன. வலப்பக்கமிருந்து. இடப்பக்கமிருந்து. பெரியவை, சின்னவை. எல்லாம் ஒல்லியாக. எல்லாம் ஒரே பக்கம். புளித்த வாசனை வந்தது. காபிப் பழத்தோல் ஊறி நொதிக்கிற வாசனை. ஈரமான வாசனை. அது மூக்கில் பட்டதும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. கால் வேகம் பிடித்தது. அவள் சொல்லவில்லை. அது தானாகப் பிடித்தது.

எஸ்டேட்டின் பழம் அலசுகிற கொட்டகை. தகரக் கூரை. இருட்டு. உள்ளே, பழம் பறிப்பு தொடங்கிவிட்டது என்று தண்ணீர் நிரப்பி வைத்திருந்த சிமெண்ட் தொட்டி. மார்பளவு சுவர்; உள்ளே அதைவிட ஆழம்.

சத்தம் கேட்டது. கன்றுக்குட்டிகள் கழுநீர் குடிக்கிற மாதிரி. மெல்ல. பல வாய்கள். நிறுத்தாமல்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

ஆட்கள் நின்றிருந்தார்கள். தொட்டி நிறைய. கட்டு விறகு போல, ஒருவரோடு ஒருவர் ஒட்டி, இடைவெளி இல்லாமல், நிமிர்ந்து. வற்றி ஒடுங்கி, கை கால் எல்லாம் குச்சியாகி, ஒரு ஆள் நிற்கிற இடத்தில் நாலு ஆள். தண்ணீர் எல்லோருக்கும் சரியாக உதட்டு மட்டத்தில். கறுத்த தண்ணீர். உதடுகள் அதில் பதிந்திருந்தன. உறிஞ்சின. தண்ணீர் குறையவில்லை. யாரும் நிறைந்ததாகவும் தெரியவில்லை. பஸ் டிரைவரின் காக்கிச் சட்டை ஒரு கொம்பில் மாட்டியது போலத் தொங்கியது. ராசம்மாளின் மூக்குத்தி தோல் சுருங்கிய மூக்கிலிருந்து நழுவி உதட்டின் மேல் கிடந்தது. அவளுக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு குழந்தையின் தலை. தண்ணீருக்கு எட்டும்படி யாரோ அதைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஓரத்தில், சுவரை ஒட்டி, பொன்னுவேல்.

கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. அதில் வலி இல்லை. பயம் இல்லை.

அவள் கத்த நினைத்தாள். தொண்டையில் ஈரம் இல்லை.

அவன் வாய் தண்ணீரிலிருந்து எடுபடவில்லை. தோள் மட்டும் அசைந்தது. பக்கத்துத் தோள் அசைந்தது. அதற்கடுத்தது. காய்ந்த கட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போயிற்று. எல்லோரும் நகர்ந்தார்கள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பொன்னுவேலுக்கும் சுவருக்கும் நடுவே, ஒல்லியாக, ஒரே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, தண்ணீர் திறந்துகொண்டு கறுப்பாக அவள் முகத்தைக் காட்டியது.